வன்னியில் பொறியியல் மாணவர் பயிற்சி இடம் பிடிப்பது எப்படி

வன்னியில் ரெயினிங் செய்ய இடமே இல்லை என்று ஒவ்வொரு பட்ச்சும் அடுத்த பட்ச்சுக்குச் சொல்லிவிட்டுப் போகிறது. இடம் இருக்கிறது, விளம்பரம்தான் இல்லை. நீர்ப்பாசனத் திணைக்களமோ, வீதி போடும் ஒப்பந்தகாரரோ, அரிசி ஆலையோ 'பயிற்சி மாணவர் தேவை' என்று எங்கும் போடுவதில்லை. சரியான மேசைக்குச் சரியான கடிதம் உரிய காலத்தில் போய்ச் சேர்ந்தால் பெரும்பாலும் 'வாங்கோ' என்பார்கள். இந்தக் கட்டுரை அந்த மேசையையும் கடிதத்தையும் காலத்தையும் பற்றியது. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் படிப்பவர்களுக்கும், பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பம் படிப்பவர்களுக்கும், பேராதனையிலோ மொறட்டுவையிலோ காலியிலோ படித்துக்கொண்டு லீவுக்கு வன்னிக்கு வருபவர்களுக்கும் இது பொருந்தும்.

கட்டாயப் பயிற்சியா, விருப்பப் பயிற்சியா

முதலில் இதைத் தெளிவாக்குங்கள். பட்டத்துக்குக் கணக்கில் எடுக்கப்படும் கைத்தொழிற் பயிற்சி ஒன்று. செமஸ்டர் லீவில் நீங்களாகத் தேடிச் செய்யும் நாலு முதல் எட்டு வாரப் பயிற்சி இன்னொன்று. முதலாவதைப் பீடத்தின் பயிற்சிப் பொறுப்பாளரும் நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையும் சேர்ந்து ஒழுங்குபடுத்துவார்கள். அந்த ஒழுங்குக்கு வெளியே, தெரிந்த அண்ணாவின் சைட்டில் நீங்களாகத் தொடங்கிவிட்டால், செய்த வாரங்கள் கணக்கில் வராமலே போகலாம். 'பிறகு கடிதம் எடுத்துக் குடுக்கலாம்' என்ற நினைப்புத்தான் இங்கே அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. ஆகவே ஒழுங்கு இதுதான்: இடத்தை நீங்கள் பேசி வையுங்கள், அதைப் பொறுப்பாளரிடம் எழுத்தில் காட்டி அனுமதி எடுங்கள், ஒப்பந்தப் படிவம் கையெழுத்தாகட்டும், அதன் பிறகு முதல் நாள் வேலைக்குப் போங்கள்.

விருப்பப் பயிற்சிக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. பீடத்தின் அறிமுகக் கடிதம் ஒன்று போதும். இரண்டாம் வருட முடிவில் இப்படி ஒரு மாதம் செய்தவர்களைக் கட்டாயப் பயிற்சிக்கு எடுக்கும்போது நிறுவனங்கள் வேறு கண்ணால் பார்க்கும். சைட்டில் எப்படி நிற்பது என்று இவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

மழையைப் பார்த்து மாதத்தைத் தெரிவு செய்யுங்கள்

வெளிநாட்டு இணையத்தளங்கள் எல்லாவற்றையும் மே முதல் ஓகஸ்ட் வரை என்று சொல்லும். எங்கள் செமஸ்டர் லீவு எப்போது விழும் என்பது பீடத்துக்கே சில வேளை தெரியாது. இருந்தாலும் தெரிவு செய்ய வாய்ப்பிருந்தால் துறையைப் பொறுத்து மாதம் பாருங்கள்.

சிவில் என்றால் ஜூன் முதல் செப்டெம்பர் வரை. ஒக்டோபரில் மழை பிடித்தால் மண்வேலை நின்றுவிடும். ஈரம் கூடிய கிரவலை எத்தனை தரம் ரோலர் உருட்டினாலும் இறுகாது. குளங்களில் இன்னொரு கணக்கும் உண்டு. சிறுபோகத் தண்ணீர் விட்டு முடிந்து, மட்டம் இறங்கி, மாரி மழை தொடங்கும் வரையான அந்தச் சில வாரங்களில்தான் துருசின் (குளத்திலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் அமைப்பு) கதவைக் கழற்றுவார்கள், கட்டின் உள்சரிவுக் கல்லணையைத் திருத்துவார்கள். நவம்பரில் போனால் குளம் நிறைந்து நிற்கும், வான் பாய்வதை (மேலதிக நீர் வழிந்தோடுவதை) பார்க்கலாம், ஆனால் துருசுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது.

மன்னார்க் காற்றாலைகளுக்குக் கணக்கு மறுபக்கம். தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை உற்பத்தி உச்சத்தில் இருக்கும். அந்நேரம் ரேர்பைனை நிறுத்திப் பெரிய பராமரிப்புச் செய்ய எவரும் விரும்பமாட்டார்கள். இயக்கத்தைப் படிக்க அந்த மாதங்கள், பராமரிப்பைப் படிக்கக் காற்று ஓய்ந்த மாதங்கள். ஆடைத் தொழிற்சாலைக்கு எப்போது போனாலும் சரி, ஏப்ரல் புத்தாண்டு வாரத்தைத் தவிர.

எந்த மாதமானாலும் தொடங்கும் நாளுக்கு மூன்று மாதம் முன்பே முதல் கடிதம் போகவேண்டும். அரச திணைக்களத்துக்கு நாலு மாதம். மேலிடத்துக்கு அனுப்பி, ஒப்புதல் எடுத்து, திரும்பி வர அவ்வளவு பிடிக்கும்.

எந்தக் கதவைத் தட்டுவது

*சிவில்.* வன்னியின் மிகப் பெரிய பாடசாலை அதன் குளங்கள். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரை என்று பெரிய குளங்களே பல, சிறு குளங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் எல்லாக் குளமும் ஒரே அலுவலகத்தின் கீழ் இல்லை. மாகாண நீர்ப்பாசனத் திணைக்களம், மத்திய நீர்ப்பாசனத் திணைக்களம், கமநல அபிவிருத்தித் திணைக்களம் என்று மூன்றாகப் பிரிந்திருக்கின்றன. இரணைமடு மாகாணத்தின் கீழ் வருவது. சிறு குளங்கள் கமநலத்தின் கீழ். பிழையான அலுவலகத்துக்குப் போன கடிதம் அநேகமாகச் சரியான அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பப்படுவதில்லை, கோப்பிலேயே கிடந்துவிடும். அனுப்ப முன்னர் ஒரு ரெலிபோன் எடுத்து 'இந்தக் குளம் உங்கட பிரிவா?' என்று கேட்டால் ஒரு மாதம் மிச்சம்.

வீதியிலும் அதே பிரிவு. ஏ9, பரந்தன் – முல்லைத்தீவு ஏ35, மாங்குளம் – முல்லைத்தீவு ஏ34, மன்னாரிலிருந்து பூநகரி வழியாக நாவற்குழி போகும் ஏ32 போன்றவை வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. உள்வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தினதும் பிரதேச சபைகளினதும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையையும் மறக்கவேண்டாம். குழாய் பதிப்பு, அழுத்தச் சோதனை, நீர்த்தாங்கிக் கொங்கிறீற் என்று ஒரே இடத்தில் பல வேலை பார்க்கலாம்.

எங்கள் அபிப்பிராயத்தில், முதல் தடவை போகிறவருக்கு அலுவலகத்தை விட ஒப்பந்தகாரரின் சைட் நல்லது. அலுவலகத்தில் கோப்பு பார்ப்பீர்கள், சைட்டில் வேலை பார்ப்பீர்கள். ஒப்பந்தகாரரைக் கண்டுபிடிக்க ஒரு நேர்வழி உண்டு: நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையின் பதிவுப் பட்டியல். அங்கே தரம் சிஎஸ்2 இல் தொடங்கி சிஎஸ்1, சி1 என்று சி9 வரை இறங்கும். சி9 இல் இருப்பவர் மதகும் மதிலும் கட்டுபவராக இருப்பார், உங்களை மேற்பார்க்கப் பொறியியலாளர் ஒருவர் அங்கே இருக்க வாய்ப்புக் குறைவு. சி4 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களைப் பாருங்கள். இன்னொரு வழி, வேலை நடக்கும் இடத்தில் நட்டிருக்கும் திட்டப் பெயர்ப்பலகை. சேவை பெறுநர், ஆலோசகர், ஒப்பந்தகாரர், தொடங்கிய திகதி, முடியும் திகதி என்று எல்லாம் அதில் இருக்கும். பஸ்ஸில் போகும்போது படம் எடுத்து வையுங்கள். முடியும் திகதி உங்கள் பயிற்சிக்கு முன்னர் வருகிறதென்றால் அதை விட்டுவிடுங்கள், போகும்போது பூச்சும் பெயின்ரும்தான் மிஞ்சியிருக்கும்.

*மின்.* மன்னாரின் தம்பபவனி காற்றாலையில் ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற் கொண்ட 30 ரேர்பைன்கள் நிற்கின்றன. எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான், அதனாலேயே கிடைப்பதும் கடினம். இலங்கை மின்சார சபை சார்ந்த எந்த இடத்துக்கும் தனி மாணவரின் கடிதம் நகராது, பீடம் அல்லது நைட்டா ஊடாகத்தான் போகவேண்டும். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழிசெய்திருப்பதால், கடிதத்தை யாருக்கு விலாசமிடுவது என்பதை அனுப்பும் வாரத்தில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத நல்ல இடம் கூரைச் சூரிய மின்கலம் பொருத்தும் சிறிய கம்பனிகள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இருக்கின்றன. நாலு பேர் வேலை செய்யும் இடத்தில் ஐந்தாவதாக நீங்கள் போனால் முதல் வாரமே கையில் மீற்றர் இருக்கும். ஆனால் எச்சரிக்கை: பலகைகள் தொடராக இணைக்கப்பட்ட ஒரு வரியில் நேரோட்ட அழுத்தம் பல நூறு வோல்ற் வரும், வெயில் இருக்கும்வரை அதை 'ஓஃப்' பண்ண முடியாது. சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது இணைப்பியைப் பிடுங்கினால் மின்வில் எழும், அது ஆடலோட்டத்தைப் போல இலகுவில் அணையாது. முதலில் இன்வேர்ட்டரை நிறுத்தி, பிறகு நேரோட்டத் தனிப்படுத்தியைத் திறந்து, அதன் பிறகுதான் கை.

*இயந்திரம்.* கிளிநொச்சியின் மாஸ் வானவில் போன்ற பெரிய ஆடைத் தொழிற்சாலைகள் தையல் இடம் என்று நினைத்து இயந்திர மாணவர்கள் ஒதுங்குகிறார்கள். உள்ளே கொதிகலன், அமுக்கக் காற்று, குளிரூட்டல், ஜெனரேற்றர் என்று உங்கள் பாடப்புத்தகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போய் 'ஏதாவது தாங்கோ' என்று நில்லாமல் ஒரு சிறு வேலையை நீங்களே முன்மொழியுங்கள். உதாரணத்துக்கு அமுக்கக் காற்றுக் கசிவு. உற்பத்தி நின்ற இரவில் கொம்பிரசரை மட்டும் ஓடவிட்டு, அது சுமையேற்றி ஓடும் நேரத்தையும் சுமையில்லாமல் இருக்கும் நேரத்தையும் பத்துச் சுற்றுக்குக் குறியுங்கள். சுமையேறிய நேரத்தை மொத்த நேரத்தால் பிரித்தால் கசிவு விகிதம் வரும். 90 செக்கன் ஏறி 210 செக்கன் ஓய்ந்தால் 30 சதவீதம். அதாவது கொம்பிரசர் தரக்கூடிய காற்றில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு எவருக்கும் பயன்படாமல் போகிறது. சவர்க்காரத் தண்ணீர் பூசிக் கசியும் மூட்டுகளைக் கண்டுபிடித்து, அடைத்து, மறுபடி அளந்து காட்டினால், உங்கள் பெயர் தொழிற்சாலை முகாமையாளருக்கே தெரியவரும்.

அரிசி ஆலை, பனிக்கட்டித் தொழிற்சாலை, உழவு இயந்திரப் பட்டறை எல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால் கட்டாயப் பயிற்சிக்கு மேற்பார்வை செய்யப் பட்டம் பெற்ற பொறியியலாளர் அங்கே இல்லாவிட்டால் பீடம் ஏற்காது. விருப்பப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

*கணினி.* இதற்கு மட்டும் வன்னியை விட்டு வெளியே பார்க்கவேண்டும், அல்லது இருந்த இடத்திலிருந்தே. கொழும்புக் கம்பனிகள் இணையவழிச் சோதனை வைத்துத்தான் வடிகட்டும். தரவுக் கட்டமைப்பு, எஸ்கியூஎல் இணைப்பு வினவல், பொருள்நோக்கு நிரலாக்கம், கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) ஆகிய நாலும் சரளமாக வரவேண்டும். பத்து அரைகுறைத் திட்டங்களை கிட்ஹப்பில் போடுவதை விட, ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைப் போடுங்கள். விளக்கக் கோப்பில் எப்படி நிறுவுவது என்று இருக்கட்டும். சோதனை நாளில் கரண்ட் போகும், அதுவும் சரியாக அந்த நேரத்தில்தான் போகும். மடிக்கணினி முழுச் சார்ச்சில், இரண்டு வேறு வலையமைப்புச் சிம், கூடுமானால் கம்பஸ் ஆய்வுகூடம்.

திறந்த மூல மென்பொருள் நிறுவனங்களுக்கு வழிகாட்டியின் கீழ் நிரல் எழுதும் கூகுளின் திட்டமான கூகுள் சமர் ஒவ் கோட் வீட்டிலிருந்தே செய்யக்கூடியது. 2005 முதல் நடக்கிறது, 18 வயது கடந்திருக்கவேண்டும். 90, 175, 350 மணித்தியாலம் என்று மூன்று அளவில் திட்டங்கள் உண்டு. நிறுவனப் பட்டியல் பெப்ரவரி அளவில் வரும், முன்மொழிவு மார்ச் – ஏப்ரலில். பட்டியல் வந்த பிறகு தொடங்குபவர் தாமதித்துவிட்டார். முந்தைய வருடம் பங்குபற்றிய நிறுவனங்களில் ஒன்றை டிசெம்பரிலேயே தெரிந்து, சிறு வழுக்களைத் திருத்தி அனுப்பி, வழிகாட்டிகளுக்குப் பெயர் பழக்கமாகவேண்டும்.

கடிதமும் சிவியும் ரெலிபோனும்

சிவி ஒரு பக்கம். உயர்தரப் பெறுபேறு ஒரு வரி. சமயம், திருமண நிலை, பெற்றோரின் தொழில் எதுவும் தேவையில்லை. 'ஓட்டோகாட், மட்லாப், சொலிட்வேர்க்ஸ், பைதன்' என்று வரிசையாக அடுக்கினால் எவரும் நம்பமாட்டார்கள். எதைச் செய்தீர்கள் என்று எழுதுங்கள்: 'ஓட்டோகாட் – ஒரு மாடி வீட்டுக்கு 4 தாள் வரைபடம், தளம், முகப்பு, வெட்டு, அத்திவாரம்.' சிங்களம் எவ்வளவு தெரியும் என்பதை உண்மையாகப் போடுங்கள். தெற்கிலிருந்து வந்த ஒப்பந்தகாரரின் சைட்டில் கொஞ்சம் பேசத் தெரிந்தாலே பெரிய உதவி.

தனியார் கம்பனிக்கு ஆங்கிலத்தில் எழுதலாம். மாகாண அலுவலகங்களுக்குத் தமிழே போதும், சுருக்கமாக இப்படி:

> நிறைவேற்றுப் பொறியியலாளர் அவர்கட்கு,
> பொருள்: சிவில் பொறியியல் 3ஆம் வருட மாணவருக்கு 8 வாரப் பயிற்சி (ஜூன் 1 – ஜூலை 24)
> தங்கள் பிரிவில் நடைபெறும் குளக்கட்டுப் புனரமைப்பு வேலையில் பயிற்சி பெற அனுமதி வேண்டுகிறேன். மண் இயக்கவியல், அளவையியல் பாடங்களை முடித்துள்ளேன். மட்டமானி கையாளவும் களஅடர்த்திச் சோதனை செய்யவும் ஆய்வுகூடத்தில் பழகியுள்ளேன். பயிற்சி கொடுப்பனவு எதிர்பார்க்கவில்லை. தங்குமிடம் நானே ஒழுங்கு செய்வேன். பீடத்தின் அறிமுகக் கடிதமும் சுயவிவரமும் இணைக்கப்பட்டுள்ளன. அடுத்த வாரம் தங்களைத் தொலைபேசியில் அழைப்பேன்.

இதில் மூன்று விடயம் இருக்கின்றன: அவர்களுடைய குறிப்பிட்ட வேலை, உங்கள் கைக்கு வரும் குறிப்பிட்ட வேலை, திகதி. 'தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் ஏதாவது ஒரு வாய்ப்பு' என்று ஐம்பது பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினால், பெறுபவர் வரிசையைப் பார்த்ததுமே அழித்துவிடுவார்கள். எட்டுப் பத்து இடம் போதும், ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிதம்.

அரச அலுவலகத்துக்குக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதே நல்லது. இரண்டு பிரதி எடுத்துப் போய், உங்கள் பிரதியில் 'கிடைத்தது' முத்திரையும் திகதியும் வாங்குங்கள். ஒரு வாரம் கழித்து எடுக்கும் ரெலிபோனுக்கு அந்தத் திகதிதான் ஆதாரம். அலுவலகம் எட்டரைக்குத் திறக்கும், பொறியியலாளர் ஒன்பதரைக்குள் சைட்டுக்குப் போய்விடுவார். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் எடுங்கள். 'சேர், இன்ன பீடத்து மாணவன், 12ஆம் திகதி பயிற்சிக் கடிதம் ஒண்டு தந்தனான், அதைப் பற்றிக் கேக்கலாம் எண்டு எடுத்தன்.' இதற்கு மேல் முன்னுரை வேண்டாம். அவர் இல்லையென்றால் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கேளுங்கள். உண்மையில் உங்களை நாள்தோறும் வேலை வாங்கப் போகிறவர் அந்த டீஓதான், அவர் சம்மதித்தால் பாதி முடிந்தது. தெரியாத இலக்கத்திலிருந்து வரும் அழைப்பை எடுக்காமல் விடும் பழக்கம் இருந்தால் இந்த மாதங்களில் விட்டுவிடுங்கள்.

இடம் எடுத்துத் தருகிறேன் என்று எவராவது காசு கேட்டால், அது இடம் இல்லை. அரச இடங்களில் கொடுப்பனவு அநேகமாக இராது. தனியாரில் சில இடங்களில் பயணச் செலவும் மதியச் சாப்பாடும் கிடைக்கும்.

சம்மதிக்க முன்னர்

கேட்கவேண்டியவை சில: மேற்பார்ப்பவர் யார், கிழமையில் எத்தனை நாள் சைட்டில் இருப்பார்? விபத்து நடந்தால் காப்புறுதி பீடத்தினதா, நிறுவனத்தினதா? சைட்டில் கழிப்பறை இருக்கிறதா? இதைப் பெண் பிள்ளைகள் கேட்கக் கூச்சப்படவே வேண்டியதில்லை, இல்லாத சைட்டும் உண்டு. கடைசி பஸ் எத்தனை மணிக்கு? ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கம் உள்வீதியில் வேலை என்றால் பின்னேரம் திரும்புவதே பிரச்சினையாகும். அப்படியானால் போர்டிங் பார்த்துக்கொண்டு போங்கள்.

வன்னிக்கே உரிய ஒன்று: அளவை வேலைக்குப் புதிதாகப் பற்றை வெட்டிய காணிக்குள் இறங்கும்போது, அந்தத் துண்டு மிதிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று பிரதேச செயலகம் ஊடாக உறுதி செய்யாமல் கால் வைக்கவேண்டாம். முகமாலைப் பக்கம் இந்த வேலை பல வருடம் நடந்தது. சிவப்புப் பலகை, சிவப்புக் கல், கட்டிய நாடா எதையும் தாண்டவேண்டாம். ரேப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் அடியெடுத்து வைக்கும்போதுதான் கவனம் தப்பும். இராணுவ முகாமுக்கு அருகே ட்ரோனோ கமராவோ எடுக்கமுன் பொறியியலாளரிடம் கேளுங்கள்.

முதல் வாரமும் நாட்குறிப்பும்

முன் இரும்பு வைத்த சப்பாத்து, தொப்பி, சட்டைப் பையில் அடங்கும் குறிப்புக் கொப்பி, 5 மீற்றர் ரேப், பென்சில். பேனா மழையிலும் வியர்வையிலும் கரையும்.

முதல் வாரம் பெரும்பாலும் எவரும் ஒன்றும் தரமாட்டார்கள். கதிரையில் இருந்து போன் பார்த்தால் எட்டு வாரமும் அப்படியே போகும். ஆய்வுப் பரிசோதனைகளுக்குள் கையை நுழையுங்கள், அந்த வேலையை எவரும் விரும்பிச் செய்வதில்லை, மறுக்கவும் மாட்டார்கள். கொங்கிறீற் வந்தால் சரிவுச் சோதனை: 300 மி.மீ. உயரக் கூம்பு, மூன்று படை, ஒவ்வொரு படைக்கும் 25 குத்து, கூம்பை நேராக மேலே தூக்கவேண்டும். சற்றே திருகினாலும் பக்கமாய்ச் சரிந்து அளவு பிழைக்கும். பிறகு 150 மி.மீ. கனசதுரங்கள், 7 நாளுக்கும் 28 நாளுக்கும். வன்னி வெயிலில் இங்கே நடக்கும் வழமையான பிழை, அச்சை வெளியில் வைத்துவிட்டுப் போவது. முதல் 24 மணித்தியாலம் நிழலில் ஈரச்சாக்கு மூடியும், கழற்றிய பிறகு தண்ணீருக்குள்ளும் இருக்கவேண்டும். அப்படி இல்லாத கனசதுரம் குறைந்த வலிமை காட்டும், பழி சீமெந்தின் மேல் விழும். கிரவல் வேலையில் மணற்கூம்புச் சோதனை: ஏறத்தாழ 150 மி.மீ. தடிப்பில் இறுக்கிய படையில் குழி வெட்டி, எடுத்த மண்ணை முழுவதும் பையில் போட்டு, மணலால் குழியின் கனவளவை அளப்பது. குழியை அளக்கும் நேரத்தில் பக்கத்தில் ரோலர் ஓடினால் அதிர்வில் மணல் கூடுதலாக இறங்கி, அடர்த்தி குறைவாகக் காட்டும். அரை நிமிடம் நிறுத்தச் சொல்ல வெட்கப்படவேண்டாம்.

நாட்குறிப்பை அன்றிரவே எழுதுங்கள். பத்து வரியும் ஒரு படமும் போதும். 'வேலையை அவதானித்தேன்' என்று மூன்று நாள் தொடர்ந்து எழுதினால் வாய்மொழிப் பரீட்சையில் அந்த மூன்று நாளையே பிடித்துக் கேட்பார்கள். எத்தனை லோட் கிரவல் வந்தது, எத்தனை பேர், எந்த இயந்திரம், ஏன் பின்னேரம் வேலை நின்றது என்று எழுதுங்கள். கை வரைபடம் படத்தை விடப் பெறுமதி: துருசின் வெட்டுமுகத்தை அளவோடு வரைந்தால் அதன் ஒவ்வொரு பாகமும் ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களுக்கே கேள்வி வரும். கையெழுத்தை வாராவாரம் வாங்குங்கள். கடைசி நாளில் எட்டு வாரக் கொப்பியை நீட்டினால், மேற்பார்வைப் பொறியியலாளர் இடமாற்றத்தில் போயிருப்பார், வந்தவர் தெரியாத வேலைக்கு ஒப்பமிடமாட்டார்.

வெளிக்கிடும் கிழமையில் மூன்றை முடித்துவிடுங்கள்: கடிதத்தலைப்பில் தொடக்கத் திகதி, முடிவுத் திகதி, செய்த வேலை குறிப்பிட்ட சான்றிதழ், அறிக்கையில் சேர்க்கும் வரைபடத்துக்கும் படங்களுக்கும் எழுத்தில் அனுமதி, நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் ஒப்பத்தோடு பதவி முத்திரை. முத்திரை விடுபட்டால் அதற்காக மட்டும் இன்னொரு நாள் பஸ் ஏறவேண்டிவரும்.